கைகர் கவுண்டர் கத்தாத இடம்: கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் பார்க்கப் போகிறவர்களுக்கு

நியூஜெர்சியில் 539ஆம் எண் சாலையில் தெற்கே போனால், பைன் மரக்காட்டுக்கு நடுவே ஒரு கம்பி வேலி வரும். முதன்முறை அங்கே போனபோது சாலையோரம் வண்டியை நிறுத்தி, கதிரியக்கத்தை அளப்பதற்காகப் புதிதாக வாங்கிய கைகர் கவுண்டரை எடுத்து நீட்டினேன். மணிக்கு 0.09 மைக்ரோசீவர்ட் கதிர் அளவு காட்டியது. அன்று காலை எங்கள் சமையலறை கிரானைட் மேடையில் வைத்தபோது 0.14 காட்டியிருந்தது. "என்னடா, உன் வீட்டைவிட இங்கே சுத்தமா இருக்கு" என்று கூட வந்த நண்பன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வேலிக்கு உள்ளே புளூட்டோனியம் எரிந்து ஓடியிருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கருவியால் அதைப் பார்க்கவே முடியாது என்பதுதான் தெரியாது.

பழைய பங்கர் (நிலத்தடிக் காப்பறை), சைலோ (ஏவுகணை நிற்கும் நிலத்தடிக் குழி), ராடார் கோபுரம் என்று வார இறுதியில் கிளம்பும் நம்மவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கவுண்டர் வாங்கலாம்?" என்பதுதான். கவுண்டர் பற்றி நான்காவதாகச் சொல்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

1. அங்கே என்ன ஏவுகணை இருந்தது என்று பாருங்கள்

பனிப்போர் காலத்து ஏவுகணைத் தளம் என்றாலே கதிரியக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் அப்படி ஒன்றும் கிடையாது.

அமெரிக்காவில் அதிகமாகக் கண்ணில் படுபவை நைக்கி தளங்கள். எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்த, பெரிய நகரங்களைச் சுற்றி 1950களில் கட்டியவை. நாடு முழுக்க இருநூற்றுக்கும் மேல். முதலில் வந்த அஜாக்ஸ் ஏவுகணையில் சாதாரண வெடிமருந்துதான். 1958இல் வந்த ஹெர்குலிஸில் அணுகுண்டு பொருத்த முடியும். அந்த அணுகுண்டுகள் மூடி முத்திரையிட்ட உலோகப் பெட்டகம் போன்றவை. தளத்தை மூடியபோது அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் டைட்டன், அட்லஸ் ஏவுகணைகளின் சைலோக்களிலும் இதே கதைதான். 1980 செப்டம்பரில் அர்க்கன்சா மாநிலத்தின் டமாஸ்கஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டைட்டன்-2 சைலோவே வெடித்தது. பராமரிப்பு வேலையில் கைதவறி விழுந்த ஒரு சாக்கெட் எரிபொருள் தொட்டியைத் துளைத்ததுதான் காரணம். குண்டு வெளியே தூக்கி எறியப்பட்டது, ஆனால் கதிரியக்கம் கசியவில்லை.

அப்படியானால் இந்த இடங்களில் மிச்சம் என்ன? வேதிப்பொருட்கள். பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு துடைக்கப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன், எரிபொருளோடு வந்த நைட்ரிக் அமிலமும் ஹைட்ரசீன் வகைகளும், குழாய்களில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் கலந்த பெயின்ட், டிரான்ஸ்பார்மர் எண்ணெய். வயோமிங்கில் செயென் நகரத்துக்குப் பக்கத்தில் அட்லஸ் தளத்திலிருந்து நிலத்தடி நீரில் இறங்கிய டிரைகுளோரோஎத்திலீன் மைல் கணக்கில் பரவியிருக்கிறது. கைகர் கவுண்டரை வைத்துக்கொண்டு இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இனி அந்த 539ஆம் சாலை வேலிக்கு வருவோம். அது விதிவிலக்கு.

அங்கே இருந்தது போமார்க், அணுகுண்டு பொருத்திய விமான எதிர்ப்பு ஏவுகணை. போயிங் நிறுவனமும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கியதால் இரண்டின் எழுத்துகளையும் கோத்து வைத்த பெயர். ஒவ்வொரு ஏவுகணைக்கும் தனித்தனிக் கொட்டகை. வானிலிருந்து எடுத்த படத்தில் இன்றும் வரிசை வரிசையாகத் தெரியும். 1960 ஜூன் 7 அன்று பிற்பகலில் 204ஆம் கொட்டகையில் உயர் அழுத்த ஹீலியம் தொட்டி ஒன்று வெடித்தது. அது எரிபொருள் தொட்டியைக் கிழிக்க, ஏவுகணை தீப்பிடித்தது. சுமார் அரை மணி நேரம் தீ கட்டுக்கடங்காமல் எரிந்தது. அணுகுண்டு வெடித்துவிட்டது என்று போலீசுக்குத் தவறான தகவல் போய், சுற்று வட்டாரமே கலங்கியதும் உண்டு. குண்டு வெடிக்கவில்லை, உருகியது. தீயணைப்பவர்கள் மணிக்கணக்கில் பீய்ச்சிய தண்ணீர், உருகிய புளூட்டோனியத்தையும் இழுத்துக்கொண்டு கொட்டகை வாசல் வழியே தரையில் ஓடி வடிகாலில் இறங்கியது.

அப்புறம் என்ன செய்தார்கள்? கழுவினார்கள், பெயின்ட் அடித்தார்கள், மேலே கான்கிரீட் ஊற்றினார்கள், வடிகாலுக்குத் தார் போட்டார்கள். அவ்வளவுதான். 1972இல் தளத்தை மூடினார்கள். மண்ணைத் தோண்டி ரயிலில் யூட்டா மாநிலத்துக்கு அனுப்பும் வேலை 2002இல்தான் தொடங்கியது. அந்த ஏவுகணையைத் தாங்கி நின்ற ஏவுமேடை இரும்பு எங்கே போனது என்பது யாருக்கும் தெரியாமல், பின்னாளில் அதைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. ஒரு லாரி இரும்பையே தொலைத்துவிட்ட இடத்தில், எந்தத் தூசி எங்கே இருக்கிறது என்று என் கருவி சொல்லும் என நான் நம்பினேன்.

2. காகிதம் படியுங்கள்

ராணுவம் முன்பு பயன்படுத்திக் கைவிட்ட நிலங்களுக்கு ராணுவப் பொறியாளர் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வரைபடத்தோடு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தூய்மைப்படுத்திய இடமாக இருந்தால் அதற்கான முடிவு ஆவணம் கிடைக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது, எதை எடுத்தார்கள் என்பதைவிட எதை விட்டுவைத்தார்கள் என்ற பக்கம். "நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு" என்று ஒரு தலைப்பு இருந்தால் அங்கே ஏதோ இன்னும் மண்ணில் இருக்கிறது என்று பொருள்.

கவுண்டி (மாவட்டம் போன்றது) நிலப் பதிவில் உரிமையாளர் யார் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். நைக்கி தளங்கள் பல, பள்ளிக்கூடமாகவும் பூங்காவாகவும் தனியார் கிடங்காகவும் மாறிவிட்டன. தனியார் என்றால் ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். கேட்டால் பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள் என்பது என் அனுபவம். கூடவே வந்து கதையும் சொல்வார்கள்.

ராணுவ நிலம் என்றால் பேச்சே கிடையாது. அனுமதியில்லாமல் நுழைவது கூட்டரசுக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. நம்மில் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: தண்டனை வேண்டாம், கைது என்று ஒன்று பதிவானாலே போதும், விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்ற கட்டத்துக்கு ஆயுசு முழுக்க 'ஆம்' போட வேண்டியிருக்கும். ஒரு பங்கரின் போட்டோவுக்கு அது கட்டுப்படியாகாது. போமார்க் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ராணுவத்தின் சுடும் பயிற்சித் திடல்கள் வேறு இருக்கின்றன.

3. கதிர் வேறு, தூசி வேறு

இதைப் புரிந்துகொள்ள மிளகாய்ப்பொடி போதும். மூடிய டப்பாவில் இருக்கும்போது பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். கையில் பட்டால் கழுவிவிடலாம். மூக்கில் ஏறினால்?

புளூட்டோனியம்-239 வெளியிடுவது பெரும்பாலும் ஆல்பா என்ற கதிர். அது காற்றில் சில சென்டிமீட்டர் தாண்டாது. ஒரு தாள் தடுக்கும், தோலின் மேல்பகுதி தடுக்கும். ஆனால் நுண்தூசியாக மூச்சில் போய் நுரையீரலில் உட்கார்ந்துவிட்டால் நடுவில் தாளும் இல்லை, தோலும் இல்லை. அங்கிருந்து எலும்புக்கும் கல்லீரலுக்கும் போகும். பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் ஆகும் என்பதால், காத்திருந்து பார்ப்பது என்ற யோசனைக்கும் இடமில்லை.

சீசியம், கோபால்ட் போன்றவை வேறு சாதி. அவை வீசும் காமா என்ற கதிர் தூரத்திலிருந்தே உடம்பைத் துளைக்கும். அவற்றைத்தான் நம் கையிலிருக்கும் சாதாரணக் கருவி நன்றாகப் பிடிக்கும். ஆகக் கருவி கத்தினால் விலகுங்கள், சரி. கத்தவில்லை என்றால், காமா அதிகம் இல்லை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

4. கருவி வாங்குவதும் பயன்படுத்துவதும்

மலிவாகக் கிடைக்கும் கவுண்டர்களில் உலோகச் சுவர் கொண்ட குழாயோ கண்ணாடிக் குழாயோ இருக்கும். ஆல்பா அதற்குள் நுழையவே நுழையாது. ஆல்பா வேண்டும் என்றால் மைக்கா (அப்பிரகம்) என்ற மெல்லிய தகட்டை ஜன்னலாக வைத்த தட்டைக் குழாய் வேண்டும். தோசைக்கல் போல வட்டமாக இருப்பதால் பான்கேக் என்பார்கள். விலை அதிகம். அதிலும் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் பிடிக்க வேண்டும், தரை உலர்ந்திருக்க வேண்டும். ஈர இலை ஒன்று மேலே கிடந்தாலே ஆல்பா மறைந்துவிடும். அப்படிக் குனிந்து பிடிக்கும்போது ஒரு புல் நுனி மைக்காவைக் குத்தினால் குழாய் போச்சு. மண் படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் சுற்றினால் அந்த பிளாஸ்டிக்கே ஆல்பாவைத் தடுக்கும்.

தொழில்முறை ஆய்வாளர்கள் புளூட்டோனியத்தை நேரடியாகத் தேடுவதைவிட, அதன் கூடவே வளரும் அமெரிசியம்-241 வெளிவிடும் மெலிந்த காமாவைத் தேடுவார்கள். அதற்கென்றே அகலமான, மெல்லிய படிகம் வைத்த தனிக் கருவி உண்டு. கடைக் கருவிக்கு அந்த மெலிந்த காமா சரியாகக் காது கேட்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் கருவி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இப்படிப் பயன்படுத்துங்கள். கிளம்புமுன் வீட்டு வாசலில் பத்து நிமிடம் வைத்துச் சராசரி எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். தளத்துக்கு வெளியே, வண்டி பக்கத்தில் இன்னொரு பத்து நிமிடம். ஒரு நொடி எகிறும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், அது இயல்பு. சராசரியே இரண்டு மடங்கைத் தாண்டினால் நின்று யோசியுங்கள். கிரானைட், செங்கல், உரமூட்டை எல்லாம் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது, பல சைலோக்களைவிட அதிகமாகவே கருவியைக் கத்தவைக்கும். காரணம் தெரியாமல் ஏறினால், வந்த வழியே திரும்புங்கள்.

5. தூசி உடம்பில் ஒட்டாமல்

முழுக்கை, முழுக்கால், மூடிய பூட்ஸ், மெல்லிய கையுறை. பழைய கட்டடத்துக்குள் போக அனுமதி வாங்கியிருந்தால் பி100 வகை வடிகட்டி வைத்த முகமூடி. இது ஆஸ்பெஸ்டாஸுக்கும் வௌவால் எச்சத்துக்கும் சேர்த்துத்தான். தாடி வைத்திருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது, அது வெறும் அலங்காரம்.

உள்ளே இருக்கும்போது சாப்பிடாதீர்கள், தண்ணீர் குடிக்காதீர்கள், மூக்கைச் சொறியாதீர்கள். கேட்க எளிது. வேர்வை வழியும்போது பத்து நிமிடத்தில் கை தானாக முகத்துக்குப் போகும். நண்பரிடம் சொல்லி வைத்துத் தட்டிவிடச் சொல்லுங்கள். திரும்பியதும் பூட்ஸைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிய பிறகே வண்டியில் ஏறுங்கள். ஈரத்துணியால் கை முகம் துடையுங்கள். உடுப்பை உதறாதீர்கள், உருட்டிப் பையில் போடுங்கள்.

6. கீழே இறங்காதீர்கள்

கதிரியக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பழைய ஏவுகணைத் தளங்களில் நான் உண்மையாகப் பயப்படுவது தரைக்குக் கீழே இருக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும்தான்.

அட்லஸ்-எப் சைலோ 174 அடி ஆழம். டைட்டன்-1 வளாகம் மூன்று சைலோக்களும் அவற்றை இணைக்கும் சுரங்கங்களுமாக ஒரு சின்ன ஊர். அங்கே தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்த பம்புகள் நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பலவற்றில் தண்ணீர் நிரம்பிவிட்டது. கணுக்கால் அளவுதான் என்று நீங்கள் கால் வைக்கும் தண்ணீருக்கு அடியில் தரை இல்லாமல் ஒரு குழி இருக்கலாம். ஏணிப் படிகள் பார்க்க உறுதியாக இருக்கும், துரு உள்ளே தின்றிருக்கும்.

தண்ணீர் இல்லாத அறை அதைவிட மோசம். இரும்பு துருப்பிடிப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான். கதவு மூடிய இரும்பு அறையில் பல வருடங்கள் இது நடந்தால், உள்ளே இருப்பது காற்று மாதிரியே இருக்கும், வாசனையும் இருக்காது, ஆனால் மூச்சுக்கு உதவாது. வெளியே 20.9 சதவீதம் ஆக்சிஜன். 19.5க்குக் கீழே போனாலே உள்ளே நிற்கக் கூடாது என்பது வேலைத்தள விதி. 10க்குக் கீழே போனால் நினைவு தப்பிவிடும். மூச்சு முட்டும் எச்சரிக்கைகூடச் சரியாக வராது. தேங்கிய தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வேறு. அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே நின்றுவிடும்.

நம்மூரில் செப்டிக் டேங்கில் இறங்கியவர் மயங்க, தூக்கிவிட இறங்கியவரும் மயங்க, மூன்றாவது ஆளும் போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். சைலோவும் அதேதான், பெயர் மட்டும் பெரிது. நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர், மேலே கயிற்றோடு நிற்கும் பயிற்சி பெற்ற ஆள், உரிமையாளரின் அனுமதி என மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். புதியவர் என்றால் மூன்றும் இருந்தாலும் இறங்காதீர்கள்.

7. ஒரு திருகாணிகூட எடுத்து வராதீர்கள்

பழைய ராணுவ மீட்டர்களின் முள்ளிலும் எண்களிலும் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருப்பார்கள். இன்று அது ஒளிராது. அதனால் செத்துவிட்டது என்று நினைப்பார்கள். செத்தது ரேடியத்தோடு கலந்திருந்த, ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம்-226 பாதியாக 1,600 ஆண்டுகள் ஆகும். உதிர்ந்த பெயின்ட் துகள்தான் ஆபத்து. ஸ்காட்லாந்தின் டல்கெட்டி பே கடற்கரையில், இரண்டாம் உலகப்போர் விமானங்களின் மீட்டர்களை எரித்துப் புதைத்த இடத்திலிருந்து ரேடியத் துகள்கள் வெளிவருவது 1990இல் தெரிந்தது. சுத்தம் செய்து முடித்தது 2023இல்.

அதைவிட மோசமான கதை ஜார்ஜியாவில் நடந்தது, அமெரிக்க மாநிலமல்ல, நாடு. திபிலிசிக்குப் பக்கத்தில் லீலோ என்ற இடத்தில் சோவியத் ராணுவம் விட்டுப்போன பயிற்சி மையம். அதை எல்லைக் காவல் படை எடுத்துக்கொண்டது. 1997இல் பயிற்சி வீரர்கள் 11 பேருக்குத் தோலில் ஆறாத புண்கள். டாக்டர்களுக்குக் காரணம் புரியவில்லை. பிறகு கருவியோடு தேடியபோது, கருவிகளைச் சோதிக்கப் பயன்படுத்திய சீசியம்-137 கதிர்மூலங்கள் வளாகத்தில் அங்கங்கே கிடந்தன. அதில் ஒன்று இருந்தது ஒரு குளிர்கால மேலங்கியின் பைக்குள். விரல் நுனி அளவு உலோகத் துண்டு. போட்டுக்கொண்டவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

சோவியத் தளங்களில் பளபளப்பான சின்ன உலோக உருளை எது கிடந்தாலும் குனியவே குனியாதீர்கள். கதிரியக்கத்தைக் காட்டும் மூவிலைச் சின்னம் போட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொட்டுவிட்டால், சட்டைப் பையில் மட்டும் போடாதீர்கள். தூரம்தான் அங்கே மருந்து: பத்து மடங்கு விலகினால் நூறில் ஒரு பங்காகக் குறையும். தள்ளிப் போய், இடத்தை நினைவில் வைத்து, அவசர எண்ணுக்கு அழையுங்கள். அத்துமீறி நுழைந்திருந்தாலும் அழையுங்கள்.

8. முதல் பயணம் எங்கே

வேலி தாண்டாமலே ஏவுகணை பார்க்க நல்ல இடங்கள் இருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோ பக்கம் மாரின் முனையில் எஸ்எப்-88 என்ற நைக்கி தளத்தைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் எச்எம்-69. அரிசோனாவில் டூசானுக்குத் தெற்கே டைட்டன் அருங்காட்சியகம். சைலோவுக்குள் நிஜ டைட்டன்-2 நிற்கிறது, குண்டு கிடையாது. தெற்கு டகோட்டாவில் மினிட்மேன் ஏவுகணைத் தளம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் லிதுவேனியாவின் ப்ளோக்ஷ்டினே போகலாம். காட்டுக்கு அடியில் சோவியத் ஆர்-12 ஏவுகணைகள் இருந்த இடம், 2012இலிருந்து பனிப்போர் அருங்காட்சியகம்.

எங்கள் நியூஜெர்சிப் பக்கத்தில் சாண்டி ஹுக் கடற்கரைப் பூங்கா. எடிசனிலிருந்து காலையில் கிளம்பினால் இட்லி ஆறுவதற்குள் போய்விடலாம். கோடையில் கடற்கரைக் கூட்டமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் உண்டு, அதனால் செப்டம்பருக்குப் பிறகு போங்கள். நைக்கி ராடார் தளத்தைச் சுற்றிக் காட்டும் நாட்களைப் பூங்காவின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1958 மே 22 அன்று, பக்கத்து மிடில்டவுன் தளத்தில் எட்டு அஜாக்ஸ் ஏவுகணைகள் வெடித்து இறந்த பத்துப் பேருக்கானது. அதில் அணுகுண்டு எதுவும் சம்பந்தப்படவில்லை. கவுண்டர் வைத்திருந்தால் ஒன்றும் காட்டியிருக்காது.

9. வீட்டுக்கு வந்ததும்

அன்று போமார்க் வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, ஷூவையும் சட்டையையும் கைகர் கவுண்டரால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குளிக்கும்போதுதான் முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவு கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. உண்ணி. நியூஜெர்சிக் காட்டோரப் புல்லில் மான் உண்ணி ஏராளம், லைம் நோய் அதனால்தான் வருகிறது. நுனிக் கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ வட்டமாகச் சிவந்த தடிப்போ வந்தால் டாக்டரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அடுத்த முறையிலிருந்து நான் பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டுதான் போகிறேன். போட்டோவில் அசிங்கமாகத்தான் இருக்கிறது.